கறுப்புக் கரைக்கு அடியில்

ஸ்லைடு என்றால் என்னவென்று இப்போது விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய வண்ணப் பிலிம் துண்டு. அதைச் சுற்றி, உள்ளங்கையில் அடங்கும் சதுரமான அட்டைச் சட்டம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓர் ஏரியோ குன்றோ பொடிசாகத் தெரியும். புரொஜெக்டரில் போட்டால் அதுவே சுவர் முழுக்க விரியும். எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில் அப்படிப்பட்ட ஸ்லைடுகள் பெட்டி பெட்டியாக இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு சட்டத்திலும் இடம், மாதம், வருடம் மூன்றையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். குழுவில் மற்ற யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. அதனால் எனக்கு அங்கே பஞ்சாங்கம் என்று பெயர்.

குழு என்று பெரிதாகச் சொல்கிறேன். ஏழெட்டுப் பேர்தான். எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பு செகந்தராபாத்தை ஒட்டிய மௌலாலிக் குன்றைப் பார்த்தாற்போல இருந்தது. மத்திய அரசுத் தொழிற்சாலை. நான் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். காலைச் சங்குக்கும் மாலைச் சங்குக்கும் நடுவில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்போம். மாலைக்குப் பிறகு ஆளுக்கொரு பைத்தியம். சிலருக்கு ரம்மி, சிலருக்கு நாடகம், சிலருக்கு ஹோமியோபதி. எங்களுக்குக் காமிரா. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கிளப்பில் கேரம் போர்டுகளை ஓரமாகச் சாய்த்துவைத்து, ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, வெள்ளைச் சுவரில் படம் போட்டுப் பார்ப்போம். இது எழுபதுகளில் பெரும்பகுதியும் எண்பதுகளில் கொஞ்சமும் நடந்தது.

புரொஜெக்டர் ஒரு பேங்க்காரருடையது. தெலுங்குக்காரர், எங்கள் தமிழை நன்றாகப் புரிந்துகொண்டு தம் போக்கில் பேசுவார். வெளிநாட்டில் இருந்த தம்பி கொண்டுவந்து கொடுத்த அந்த இயந்திரத்தை வேறு யாரும் தொடக் கூடாது. விளக்கின் சூட்டில் பிலிம் கெட்டுவிடும் என்று, எந்தப் படத்தையும் அதிக நேரம் நிற்க விடமாட்டார். பேச்சு நீண்டால், போதும் சுடுகிறது என்பதற்கு, "சாலு, சாலு, காலுது" என்று அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்.

குழுவை ஆரம்பித்தவர் ஒரு படவரைஞர். நாச்சாரத்தில் ஒரு தனியார் தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்; அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். செகந்தராபாத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் வீடு. அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறைக்குப் பிறகும் வீட்டில் வேலூர்த் தமிழ்தான். அதில் ஊர் உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும்.

அண்ணன் வைத்த சட்டம் ஒன்று எங்கள் குழுவுக்கு உயிர். படத்தில் மனிதர் வரக் கூடாது. ஆரம்பத்தில் ஆளாளுக்குக் கோல்கொண்டா வாசலில் மாமியாரையும் சாகர் அணையின் முன்னால் மச்சினனையும் நிறுத்தி எடுத்துக்கொண்டு வந்தோம். "இது கல்யாண ஆல்பம் இல்லபா. ஏரிய எட்த்தா ஏரி தெரியணும். உன் மச்சான் எதுக்கு?" என்று ஒரு சனிக்கிழமை கத்தியவர், அன்றே சட்டத்தையும் போட்டுவிட்டார். பிலிம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். இருப்பதை வீணாக்காமல் கொக்குக்கும் பாறைக்கும் வைத்துக்கொள்வது எங்களுக்கும் நியாயமாகவே பட்டது.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஒருமுறை கிளப்புக்கு வந்து முழுவதும் பார்த்தாள். திரும்பும் வழியில் கேட்டாள்:

"ஊரையே காலி பண்ணிட்டு எடுத்தீயளா? ஒரு ஆளைக் காணுமே. குண்டு போட்ட ஊரு மாதிரில்லா இருக்கு."

இன்னொரு வழக்கமும் உண்டு. படம் சுவரில் எழுந்ததும் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொருவரும் அதில் கண்ட ஏதேனும் ஒன்றைச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்று சொல்பவர் அன்றைக்கு எல்லோருக்கும் மிர்ச்சி பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகு எடுத்தவர் இடம், மாதம், லென்ஸை எவ்வளவு திறந்தார், எத்தனை வேகம் வைத்தார் என்பதை மட்டும் சொல்லி முடிப்பார். முதலில் எடுத்தவர் பேசிவிட்டால் அவர் சொன்னதைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்பது அண்ணனின் வாதம். படங்களைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். பார்க்கக் கற்றுக்கொண்டது என்னவோ அந்த அறையில்தான்.

எடுத்த பிலிமைப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்புவோம். வாரக்கணக்கில் காத்திருந்தால் கழுவிய பிலிம் சுருளாகத் திரும்பி வரும். அதைப் பிரிக்காமல் அப்படியே அண்ணனிடம் கொடுத்துவிடுவோம். வெட்டுவதற்கும் சட்டத்தில் பொருத்துவதற்கும் அவர் கைதான் நடுங்காத கை. பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஓரத்தில் மின்கம்பமோ லாரியோ ஆளோ நுழைந்திருந்தால், கறுப்புக் காகிதத்தை எஃகு அடிக்கோல் வைத்து மெல்லிய பட்டையாக நறுக்கி, அந்த ஓரத்தை மறைத்துச் சட்டத்தில் ஒட்டிவிடுவார். சுவரில் பார்க்கும்போது அங்கே அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. இதற்கு எங்கள் பாஷையில் கரை போடுவது என்று பெயர். "அண்ணே, என் படத்துக்குக் கரை போட்டாச்சா?" என்று கேட்டால், "போட்டாச்சு. ஜரிகைக் கரை" என்பார்.

ஆகவே எங்கள் படங்களை நாங்களே முதன்முதலாகப் பார்ப்பது சுவரில்தான், கரை போட்ட பிறகு.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலைகளில் சேர்ந்து படமெடுக்கப் போவோம். மஞ்சிரா, ஷாமீர்பேட், அனந்தகிரி, உஸ்மான் சாகர். அண்ணனின் மனைவியும் கூடவே வருவார். அவரை அக்கா என்போம். ஞாயிற்றுப் பூசையை மாதா கோவிலில் முதல்நாள் மாலையே முடித்துவிட்டு வருவார். மூங்கில் கூடையில் எல்லோருக்கும் சாப்பாடு இருக்கும். ஆனால் அக்கா வந்தது சாப்பாட்டுக்காக மட்டும் அல்ல. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எங்களில் அண்ணனிடம் மட்டுமே இருந்தது. எந்த இடத்தைப் படமெடுக்கிறோமோ அந்த இடத்தில் ஒருவர் போய் நின்று உள்ளங்கையை நீட்ட வேண்டும். அதில் விழும் வெளிச்சத்தை அண்ணன் கிட்டப் போய் அளந்து, அதிலிருந்து ஒரு படி கூட்டி எங்களுக்குச் சொல்வார். அந்தக் கை எப்போதும் அக்காவுடையது. பாறையின் கீழே, அல்லிக் குளத்தின் ஓரத்தில், பாழடைந்த படிக்கட்டில் அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"ஆச்சா? நவுரட்டா?"

"இரு இரு. இன்னும் கொஞ்சம் மேல தூக்கு."

"பிச்சை கேக்கறாப்ல நிக்க வச்சுட்டு இன்னும் மேல தூக்காம்! ஒரு நாளாவது என்னை வச்சு எடுங்களேன்."

"நக்கோ. வேணாம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஹவ், ஆமா, பெரிய ஹைகோர்ட்டு!" என்று சொல்லிக்கொண்டே அக்கா படத்துக்கு வெளியே நகர்ந்துவிடுவார். நாங்கள் விசையை அழுத்துவோம்.

ஸ்கைலாப் என்ற விண்நிலையம் உடைந்து எங்கள் தலையில்தான் விழப்போகிறது என்று ஆந்திரமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரியில், ஷாமீர்பேட் போனோம். அதற்கு முந்தைய ஆண்டு என்பாள் என் மனைவி. சட்டத்தில் பென்சில் எழுத்து இருக்கிறது. இந்த ஒரு விவாதத்தில் மட்டும் நான் ஜெயிப்பேன். ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பாறையின் மேல் இன்னொரு பெரும்பாறை ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் புல்கூட இல்லாத கட்டாந்தரை. இடப்பக்கமிருந்து சாய்வாக வெயில் அடித்தது. அண்ணன் அளந்து எண்களைச் சொன்னார். மேகம் வந்து சூரியனை மூடப்போவதைப் பார்த்த அவசரத்தில் நான் வேறெதையும் கவனிக்காமல் உடனே அழுத்தினேன். அடுத்த நொடி வெயில் போய்விட்டது. கிடைத்தது அந்த ஒரு படம்தான்.

மார்ச் மாத இரண்டாம் சனிக்கிழமை அது சுவரில் எழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆ ராயி சூடண்டி, அந்தக் கல்லைப் பாருங்க, இப்பவே உருண்டு வர மாதிரி. நான் முன்னால உக்கார மாட்டேன்" என்றார் பேங்க்காரர்.

பாறையின் வெடிப்பில் ஒரு பல்லி இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். நானே அதைப் பார்த்திருக்கவில்லை. அடுத்து ரயில்வே கார்டின் முறை. பழைய நகரத்துக்காரர், நிதானமாகப் பார்ப்பவர்.

"பத்தர் தோ டீக் ஹை மியாங். வோ டாலீ கா சாயா தேகோ!" என்றார்.

பாறை கிடக்கட்டும், அந்தக் கிளையின் நிழலைப் பாருங்கள் என்கிறார். உண்மைதான். பாறையின் மேல், இடது ஓரத்திலிருந்து மெல்லிய நிழல் ஒன்று நீண்டு வந்து, நுனியில் சிறுசிறு கொம்புகளாகப் பிரிந்திருந்தது. அந்தக் கிளை இல்லாவிட்டால் படமே மொட்டையாக இருக்கும் என்று மேலும் இரண்டு பேர் ஆமோதித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணன் திரும்பிப் பார்த்து, எதற்கு என்பதை ஊர் உருதுவில் கேட்டார்.

"ஏய், கைக்கு சிரிக்கிறே? சும்மா இரு."

"நான் இன்னா சொன்னேன்? கிளை அழகா இருக்குன்னு சொல்றாரு. நானும் கேட்டுக்கினேன்."

"சாலு, காலுது" என்று பேங்க்காரர் படத்தைத் தள்ளினார். நான் இடத்தையும் மாதத்தையும் அவசரமாகச் சொல்லி முடித்தேன். அக்கா ஏன் சிரித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

வண்ணத் தொலைக்காட்சி வந்ததற்கு அடுத்த ஆண்டு, மழைக்காலத்தில், அக்கா இறந்துபோனார். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். மீட்டரைத் தோல் உறையோடு என்னிடம் கொடுத்து, "நீ வச்சுக்க தம்பி" என்றார். அளப்பதற்குக் கை நீட்ட ஆள் இல்லை என்று நாங்களும் வெளியூர் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

மறு ஆண்டு, நினைவுப் பூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியை அவர் தொடவில்லை.

"ஒரு போட்டோ வேணும்பா" என்றார்.

பூசையன்று வைக்கவும், பிறகு வீட்டில் மாட்டவும் அக்காவின் படம் ஒன்று வேண்டும். வீட்டில் இருந்தது கல்யாணப் படம் மட்டும். அதில் முக்காடும் பூச்செண்டுமாக யாரோ ஒரு சின்னப் பெண். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "தட்ஸ் நாட் மம்மி, டாடி" என்று சொல்லிவிட்டாளாம். ஸ்டுடியோக்காரர் அந்த முகத்தையே பெரிதாக்கிக் கொஞ்சம் நரையும் சுருக்கமும் வரைந்து தருகிறேன் என்றிருக்கிறார்.

"வரைஞ்சு தரானாம். என்கிட்டயே!" என்றார் அந்தப் படவரைஞர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்கிட்ட கொக்கு இருக்கு, நாரை இருக்கு. மஞ்சிரா முதலை ஒண்ணு வாயத் தொறந்துகினு இருக்கு. இவ ஒண்ணுகூட இல்ல. நவுந்து போனப்புறம்தானே அழுத்துவேன். உன் படத்துல எங்கனா இருக்காளா பாரு. பாப்பா முகமே மறந்துடும்போல இருக்குதுன்னு அழுவுறா."

அவர் போன பிறகு மனைவி காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் எந்தக் கேலியும் செய்யவில்லை.

பெட்டிகளை இறக்கினேன். எந்தெந்தப் பயணத்தில் அக்கா வந்திருந்தார் என்பது சட்டங்களில் இருந்த மாதங்களைப் பார்த்ததுமே நினைவுக்கு வந்துவிட்டது. அவற்றை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஏரி, ஆலமரம், கோட்டைச் சுவர், மீண்டும் ஏரி. பேங்க்காரரும் கார்டும் தத்தம் வீட்டில் தேடினார்கள். கார்டு வீட்டில் ஒரு படத்தில் கூடை மட்டும் கிடைத்தது.

ஒரு ஞாயிறு பிற்பகல் ஷாமீர்பேட் பாறை கைக்கு வந்தது. வழக்கம்போல முதலில் அந்தக் கிளை நிழலைப் பார்த்தேன். அந்தக் கட்டாந்தரை நினைவுக்கு வந்தது. அங்கே மரமே கிடையாது. கூடையை வைக்கக்கூட நிழல் கிடைக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். நுனியில் இருந்த சிறு கொம்புகளில் ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றது. கட்டைவிரல்.

சட்டத்தின் இடது ஓரத்தில் அண்ணன் போட்ட கறுப்புக் கரை அப்படியே இருந்தது. அதை நகத்தால் நெம்பப் பயமாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தையல் ஊசியைக் கொண்டுவந்து பட்டையின் ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தாள். மெதுவாக உரித்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன்.

அக்கா முழுதாக இருந்தார். நீலச் சேலையை இழுத்துச் செருகி, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டு, ஒரு கையில் கூடையோடு. மறு கை முன்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. காமிராவை அவர் பார்க்கவில்லை. மீட்டரோடு படத்துக்கு வெளியே நின்றவரைப் பார்த்து, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்காதான்" என்றாள் மனைவி. பிறகு, "இவ்வளவு நாளும் இந்த அலமாரிக்குள்ளயா இருந்தாவ?" என்றாள்.

அண்ணனிடம் படம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி, இரண்டாம் சனிக்கிழமை மகளோடு கிளப்புக்கு வரச் சொன்னேன். கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த அறையில் சுவரில் பார்ப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. வந்தார்கள். பேங்க்காரர் வேறு எந்தப் படமும் வைத்திருக்கவில்லை. விளக்கை அணைத்து, அந்த ஒன்றைப் போட்டார்.

பாறை எழுந்தது. அதன் பக்கத்தில் அக்கா, எங்களில் யாரையும்விட உயரமாக.

புரொஜெக்டரின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் வழக்கம் தானாகவே ஆரம்பித்துக்கொண்டது.

"துண்டைப் பாருங்க. அது என்னோடது. தலை காயுதுன்னு கேட்டு வாங்கினாங்க. திருப்பிக் குடுக்கவே இல்லை" என்றார் ஒருவர்.

"கூடையில அன்னைக்கு புளிஹோரா. நாலு தடவை போட்டாங்க எனக்கு" என்றார் பேங்க்காரர்.

ரயில்வே கார்டு நெடுநேரம் பார்த்தார். நிழலிலிருந்து கைக்கும் கையிலிருந்து முகத்துக்கும் அவர் பார்வை போய்வந்தது.

"ஹவ். தோ யஹீ தீ மேரீ டாலீ" என்றார். என் கிளை இதுதானா.

முன்வரிசையில் மகள் சத்தமாக அழுதாள். பிறகு அப்பாவின் தோளைத் தட்டி, "சீ டாடி, மம்மி உங்களைத் திட்டுது" என்றாள். அந்தப் பெண் கிளப்பில் தமிழ் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

எடுத்தவன் பேச வேண்டிய முறை வந்தது. "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஷாமீர்பேட். ஜனவரி. எஃப் எட்டு, நூத்தி இருவத்தஞ்சு." மகள் பக்கம் திரும்பினார். "திட்டலமா. ஆச்சா, நவுரட்டான்னு கேக்கறா. நான் நம்பரை இவங்களுக்குச் சொல்லிக்கினு நின்னுட்டேன். அவளுக்குப் பதில் சொல்லல. அதான் நின்னுகினே இருக்கா."

பேங்க்காரர் படத்தைத் தள்ளவில்லை. சூட்டில் பிலிம் லேசாக வளைந்து, அக்காவின் முகம் கலங்கித் தெரிந்தபோதுதான் விளக்கை அணைத்தார்.

பெரிதாக்குவதற்கு ஸ்டுடியோவுக்கு நானும் அண்ணனோடு போனேன். ஸ்டுடியோக்காரர் ஸ்லைடை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். அம்மாவின் முகம் நன்றாக விழுந்திருக்கிறது, கழுத்துவரை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பாறையையெல்லாம் மறைத்துவிடலாமா என்று கேட்டார். சொல்லிக்கொண்டே கறுப்புக் காகிதத்தையும் எடுத்துவிட்டார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நக்கோ. பாறையும் இருக்கட்டும்" என்றார். "அது இல்லாட்டி எதுக்குக் கைய நீட்டிக்கினு நிக்கிறான்னு யாருக்கும் புரியாது."